நாலாம் நம்பர் மலையின் செலவு

எங்கள் கொம்பனிக்கு ஹோட்டலால் வரும் இலாபம் ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு வீதம் கூடியது. தேயிலையால் வருவது கீழே இறங்கியது. இந்த இரண்டு வரியையும் அறிக்கையில் அடித்தவன் நான்தான். பெயர் மதுரன், வயது முப்பத்தொன்று, ஹட்டன் ஆபீசில் கணக்குப் பிரிவு உதவியாளன். அடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டை எந்தக் கடையில் வாங்குவது என்ற யோசனை மட்டும் இருந்தது.

ஹோட்டல் என்றால் புதிதாகக் கட்டியது இல்லை. டிக்கோயாவுக்கு மேலே சட்டிமலைத் தோட்டம் இருக்கிறது. காகிதத்தில் அதற்கு ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று உண்டு. அதை வெள்ளைக்காரர்களும் எங்கள் டைரக்டர்மாரும் மட்டும் ஒழுங்காகச் சொல்வார்கள். அந்தத் தோட்டத்துத் துரை பங்களாவைப் பூசி மெழுகி, பதினொரு அறையாகப் பிரித்து, ஒரு துணைக் கொம்பனியின் பெயரில் ஹோட்டலாக்கினார்கள். கொரோனாவும் பெற்றோல் வரிசையும் நடந்த வருஷங்களில் ஒரு காவல்காரனும் ஒரு நாயும்தான் அங்கே தங்கியிருந்தார்கள். பிறகு உல்லாசப் பயணிகள் திரும்பி வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு வாங்கும் காசை என் அக்கா சம்பாதிக்க ஒன்றரை மாதம் கொழுந்து எடுக்க வேண்டும். இதையும் நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்திருக்கிறேன்.

அக்கா பெயர் பிரியந்தி. சட்டிமலை மேற்பிரிவில் பதினாறு வருஷமாகப் பேர் பதிந்த தொழிலாளி. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் வருவார். அக்காவும் பன்னிரண்டு வயது மகள் தனுஷிகாவும் பங்களாவுக்குக் கிட்ட இருக்கும் லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், மூன்றாவது காம்பராவில் இருக்கிறார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா. யாருடைய பேர் தோட்டத்தின் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருக்கிறதோ, அவருக்குத்தான் காம்பரா. பேர் போனால் காம்பராவும் போகும். இது எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும்.

ஹோட்டல் வராந்தாவுக்கு நேர் எதிரே நாலாம் நம்பர் மலை. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வோம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. காலை ஏழரையிலிருந்து பத்து வரை விருந்தினர் வராந்தாவில் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் எதிரே பெண்கள் கொழுந்து எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஹோட்டல் மனேஜருக்குத் தோன்றியது. சுணங்காமல் வரக்கூடியவர்கள் பக்கத்து லயத்துப் பெண்கள் என்பதால் அவர்களையே கேட்டார். பதினாலு பேர் போனார்கள், பன்னிரண்டு காம்பராவிலும் சேர்த்துச் செக்ரோலில் இருந்த பேர் அவ்வளவுதான். தோட்டம் சாக்குப் பைக்கு மாறி வருஷங்களாகிவிட்டன, ஹோட்டலோ பதினாலு பிரம்புக் கூடை வாங்கிக் கொடுத்தது. சிவப்பிலும் மஞ்சளிலும் சாரி கொடுத்தது. சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை, அது தோட்டத்துச் செலவு.

தேயிலைச் செடியில் ஒருமுறை கொழுந்து எடுத்தால் மறுபடி எடுக்க ஒரு வாரமாவது போகவேண்டும். இந்த மலைக்குத் தினமும் போனார்கள். இதைப் பற்றி அக்காவிடம் நான் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன மாசி மாதத்தில். சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு சம்பளத் துண்டை என் முன்னால் போட்டாள்.

“பாரு, பதினோரு நாளு அரைப்பேரு.”

ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்று கணக்கு வைப்பார்கள். பதினெட்டு கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும், சம்பளமும் பாதி.

“ஏன் இவ்வளவு?” என்றேன்.

“பத்து மணி வரைக்கும் நாலாம் நம்பர்ல நின்னா, பொறகு எந்த மலைக்குப் போயி பதினெட்டு கிலோ எடுக்கிறது?”

“நாலாம் நம்பர்ல எடுக்கிற கொழுந்து?”

“அங்க என்னாடா இருக்கு எடுக்க? நேத்து எடுத்த செடியில இன்னைக்குக் கொழுந்து வந்துருமா? சும்மா கைய ஆட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு வெள்ளக்காரம்மா கிட்ட வந்து கூடைய எட்டிப் பாத்துச்சு. உள்ள மார்கிரட் அக்காவோட செருப்பும் தண்ணிப் போத்தலும்தான் கெடந்துச்சு.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்குப் பிரிவில் எட்டு வருஷம் உட்கார்ந்தவனுக்கு எதைக் கேட்டாலும் இது எந்தத் தலைப்பில் போகும் என்றுதான் முதலில் தோன்றும்.

சித்திரை முடிந்ததும் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நட்டத்தில் ஓடும் பிரிவுகளை மூடப்போகிறார்கள், முதல் பட்டியலில் சட்டிமலை மேற்பிரிவு. காரணமும் எழுதியிருந்தார்கள்: அங்கே ஒரு கிலோ கொழுந்து எடுக்க ஆகும் செலவு விற்கிற விலையைத் தாண்டிவிட்டது. அந்தக் கிலோச் செலவைக் கணக்குப் போட்டு அனுப்பியவனும் நான்தான். பிரிவு மூடினால் தொழிலாளர்களைக் கீழே மூன்று மைல் தள்ளிய பிரிவுக்கு மாற்றுவார்கள், அங்கே ஏற்கனவே ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம். மேலே லயங்களைக் காலி செய்ய வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பதினாலு பெண்களும் காலையில் ஹோட்டலுக்காக நிற்கிறார்கள், அவர்களுடைய சம்பளம் தேயிலையின் தலையில் விழுகிறது. எடுத்த கொழுந்து குறைகிறது, செலவு அப்படியே இருக்கிறது. அதனால் தேயிலை நட்டம். ஹோட்டலுக்கு அந்தக் காட்சி ஓசியில் கிடைக்கிறது, அதனால் ஹோட்டல் இலாபம். நாற்பத்தொரு வீதத்தில் என் அக்காவின் அரைப்பேரும் இருக்கிறது. இவ்வளவு நாளாக இதை நானே அடித்து, நானே சரிபார்த்து, நானே கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு புதுக் கணக்கு எழுதினேன். எட்டு வருஷத்தில் யாரும் கேட்காமல் நானாக எழுதிய ஒரே கணக்கு அது. காலையில் இரண்டரை மணித்தியாலம், பதினோரு மாதம், பதினாலு பெண்கள். அந்தச் செலவைத் தேயிலையிலிருந்து தூக்கி ஹோட்டலில் போட்டேன். இழந்த அரைப்பேர்களையும் சேர்த்தேன். நாலாம் நம்பர் மலையில் பாழான கொழுந்துக்கும் ஒரு விலை போட்டேன். மேற்பிரிவு இலாபத்துக்கு வந்தது. பெரிய இலாபம் இல்லை, ஆனாலும் இலாபம்.

பதினாலு பெண்கள் என்று எண்ணிக்கை போட்டிருந்தால் போதும். கணக்குக்கு அவ்வளவுதான் வேண்டும். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை கிடையாது. விடிய ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாலும், பகல் முழுக்க மழையில் நனைந்தாலும், கணக்கப்பிள்ளை புத்தகத்தில் பேர் எழுதவில்லையென்றால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை மாலையில் வீட்டுக்கு வந்ததும் சொல்லும் முதல் பேச்சு, பேர் விழுந்துவிட்டது என்பதுதான். அதனால் கடைசிப் பக்கத்தில் இணைப்பு ஒன்று சேர்த்து, பதினாலு பேரையும் பேர் பேராக எழுதினேன். பக்கத்திலேயே செக்ரோல் நம்பரும் போட்டேன். யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிதி முகாமையாளர் ஜெயகாந்தன் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். என் தாள்களை முழுவதும் வாசித்தார். இணைப்பை இரண்டுதரம் பார்த்தார்.

“இதை ஆர் செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லல்ல சேர். நானே செஞ்சேன்.”

“நல்ல வேலை, மதுரன். எது தேயிலை, எது ஹோட்டல் எண்டு பிரிச்சுக் காட்டியிருக்கிறீர். கொழும்பிலயும் இதைத்தான் கேக்கினம்.”

அதை அப்படியே கொழும்புக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மேற்பிரிவை மூடும் முடிவை ஒத்திவைத்துவிட்டார்கள். பழைய அரைப்பேர்களுக்கு மிச்சச் சம்பளமும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், அதை ஹோட்டல் கட்ட வேண்டும்.

லயத்தில் அது எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மார்கிரட் அக்கா ஒரு சேவலைக் கால் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் இரண்டாவது காம்பரா, புருஷன் இல்லாதவர், ஐம்பத்தைந்து வயது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்பார்கள். ஆறாவது காம்பராவிலிருந்து நாகலெட்சுமி மாமியும் மருமகள் சுலக்ஷனாவும் வந்து கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா தனுஷிகாவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியிருந்தாள். “எங்க தம்பி ஆபீஸ்ல பெரிய ஆளு” என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “போதும் அக்கா” என்றேன்.

“ஏன் போதும்? ஒருநாளாச்சும் சொல்லிக்கிறேனே.”

அந்த ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

ஆடியில் ஜெயகாந்தன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் இணைப்பு கிடந்தது, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பச்சை மையால் சின்னச் சின்னச் சரி போட்டிருந்தார்கள்.

“மதுரன், உம்மட கணக்கை ஓடிட் ஆக்கள் பாத்தவை. சம்பளத்தை ஹோட்டல் கட்டுதெண்டால் அவை ஹோட்டலின்ர ஆக்கள். தோட்டத்துச் செக்ரோலில வைச்சிருக்க ஏலாது. வாற முதலாம் திகதியிலயிருந்து பதினாலு பேரையும் ஹோட்டலுக்கு மாத்தியாச்சு. ஒப்பந்த அடிப்படை, வருஷத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கிறது.”

“அப்ப காம்பரா சேர்?”

“அது தோட்டத்து ஆக்களுக்கெல்லோ. மூண்டு மாதத் தவணை குடுக்கினம்.”

அவர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“நல்ல காலம் நீர் பேரும் நம்பரும் போட்டது. இல்லாட்டி ஆர் ஆர் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? தோட்டத்தில கேட்டால் ஒரு வருஷம் இழுத்தடிச்சிருப்பினம்.”

பிறகு ஒரு புதுக் கோப்பைத் தந்தார். அடுத்த வருஷத்துக்கான ஹோட்டல் வரவு மதிப்பீடு. காலியாகும் லயத்தைத் திருத்தி, பழைய தோட்ட வாழ்க்கையை விருந்தினர் தங்கி அனுபவிப்பதற்குப் பன்னிரண்டு அறையாக ஆக்கப்போகிறார்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு இரவு வாடகை, நூற்றுக்கு அறுபது நாள் நிரம்பும் என்று வைத்து வரவு போட வேண்டும். போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டேன். மூன்றாவதில் கை நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பன்னிரண்டாவது வரைக்கும் ஓடி, கூட்டுத்தொகையும் சரியாக வந்தது.

அக்காவிடம் சொல்ல நான் உடனே போகவில்லை. முதல் ஞாயிறு மழை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு தடிமனும் காய்ச்சலும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு போனேன். அதற்குள் கடிதம் லயத்துக்கு வந்துவிட்டிருந்தது, பதினாலு கடிதம், ஒவ்வொன்றோடும் ஒரு படிவம், கூடவே பதினாலு பேரின் பட்டியல். என் இணைப்பையே பிரதி எடுத்து ஒட்டியிருந்தார்கள். மேலே என் கொம்பனி முத்திரை இருந்தது, என் பெயர் இல்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்து வந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றாள்.

“ம்.”

“இந்த லிஸ்ட்ட பாத்தியா?”

“பாத்தேன்.”

“தோட்டத்து ஆபீஸ்ல எழுதுனா நம்பர் வரிசையில எழுதுவாங்க. பழைய ஆளு மேல, புது ஆளு கீழ. நாகலெட்சுமி மாமி நம்பரு எங்கயோ இருக்கு, சுலக்ஷனா நேத்து வந்தவ, அவ நம்பரு எங்கயோ இருக்கு. இதுல பாரு, மாமியும் மருமகளும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க.” அவள் விரலை மேலிருந்து கீழே இழுத்தாள். “முதல் காம்பரா, மார்கிரட் அக்கா, நான். அப்பிடியே கடைசி வரைக்கும். லயத்துல நடந்து போறாப்புல எழுதியிருக்கு.”

நான் பட்டியலைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. எழுதும்போது எனக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வாசலாக நினைத்து எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது.

“நாந்தான் அக்கா எழுதுனேன்.”

“தெரியும்.”

“உங்களுக்கு அரைப்பேர் விழக்கூடாதுன்னுதான்...”

“அதுவும் தெரியும்டா. வெளிய யார்கிட்டயும் சொல்லிறாத. சேவல் குடுத்தவங்க.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும், நானும் கூட அழுதிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் தூரத்தில் எங்கேயோ வேறு யாருக்கோ நடப்பதாக இருந்தது. உள்ளே தனுஷிகா சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா படிவத்தை நீட்டினாள். “இத எழுதிக் குடுத்தாத்தான் ஹோட்டல்ல வேலையாம். ஒரு எடமும் வெறுமனே விடக்கூடாதாம். எனக்கு இங்கிலீஸ் தெரியாது.”

பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம். எல்லாம் எனக்குப் பாடம். கடைசியில் லயத்தைக் காலி செய்தபின் குடியிருக்கப்போகும் விலாசம் என்று ஒரு கோடு இருந்தது. ஹட்டனில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் விலாசத்தை எழுதினேன். பத்துக்கு எட்டு அறை, கட்டில் ஒன்று, மேசை ஒன்று. வீட்டுக்காரர் ஒரு ஆளுக்கு மேல் விடமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்.

“என்னா எழுதின?” என்றாள் அக்கா.

“என் ரூம்.”

அவள் படிவத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள்.

தலையைத் தூக்கினேன். பேனாவோடு நான் உட்கார்ந்திருப்பதை லயம் பார்த்திருந்தது. வாசலில் மார்கிரட் அக்கா கையில் படிவத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் முதல் காம்பராக்காரி, அவளுக்குப் பின்னால் நாகலெட்சுமி மாமி, சுலக்ஷனா, இன்னும் ஆட்கள். எல்லாரும் ஹோட்டல் கொடுத்த சாரிதான் கட்டியிருந்தார்கள், நல்ல சாரி வேறு இல்லை.

மார்கிரட் அக்கா படிவத்தை என் மடியில் வைத்தார். “எனக்கும் எழுதிக் குடுங்க தம்பி. நீங்க எழுதுனா தப்பு வராது.”

அவருடைய பெயரை எழுதினேன். பிறந்த திகதியைக் கேட்டு எழுதினேன். கடைசிக் கோட்டுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான், அதை அக்காவுக்கு எழுதிவிட்டேன்.